முழுச் சம்பளம் வந்த மாதம்

முழுச் சம்பளம் என்ற வார்த்தையை யாராவது என் காதுபடச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். மற்றவர்களுக்கு அது சந்தோஷமான வார்த்தை. எனக்கு அந்த வார்த்தையை வைத்துத்தான் கழுத்தை அறுத்தார்கள். அறுத்தவர்கள் வேற்று மனிதர்கள் இல்லை. ஒருவர் என்னைப் பெற்றவர், இன்னொருவன் என் கூடப் பிறந்த அண்ணன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் சேலத்தில் ஒரு சர்க்கார் ஆபீஸில் ஜூனியர் இன்ஜினியராகச் சேர்ந்தேன். கோயமுத்தூரில் ஐந்து வருடம் படித்தது கடன் உதவித்தொகையில். பேர்தான் உதவித்தொகை, வேலை கிடைத்ததும் திருப்பிக் கட்டியாக வேண்டும். வேலையில் சேர்ந்த மறு வருடமே சம்பளத்தில் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மாதம் அறுபது ரூபாய். இன்றைய பிள்ளைகள் அறுபது ரூபாய் என்றால் சிரிப்பார்கள். அப்போது அம்மாபேட்டையில் இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் கிணறு என்று ஒரு போர்ஷன் அதே அறுபது ரூபாய் வாடகைக்குக் கிடைத்தது. மாதம் பிறந்தால் ஒரு வீடு என் சம்பளத்திலிருந்து கழன்று போய்க்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நானோ நாலு பேர் தங்கும் அறையில் பாய் விரித்துக் கிடந்தேன்.

ஊர் நாமக்கல்லுக்குத் தெற்கே, மோகனூர் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி. சனிக்கிழமை மத்தியானம் சேலத்தில் பஸ் ஏறினால் ராசிபுரம் தாண்டி நாமக்கல்லில் மாறி, பொழுது சாய வீடு சேரலாம். மாதத்தின் முதல் சனிக்கிழமை என் சாப்பாட்டுக்கும் அறை வாடகைக்கும் எடுத்தது போக மீதிச் சம்பளத்தைக் கவரோடு அப்பாவிடம் கொடுப்பேன். அப்பா அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அண்ணனிடம் நீட்டுவார். அம்மா நான் பள்ளிக்கூடம் போகும்போதே போய்விட்டாள். வீட்டில் வரவு செலவெல்லாம் அண்ணன் கை. விவசாயத்தையும் அவன்தான் பார்த்தான். என் பணத்தில் கிணற்றை இன்னும் ஆழமாக வெட்டினோம், கரண்ட் மோட்டார் வைத்தோம். நாலு ஏக்கர் கிணற்றுக்காடு வருடம் முழுக்கப் பச்சையாக நின்றது. அது போக எங்களுக்கு இருந்தது ஒன்றும் விளையாத கல்லாங்காட்டுத் துண்டு ஒன்றுதான்.

அந்தக் கிணற்றுக்காட்டில் எனக்குச் சரிபாதி. இதை நானாகச் சொல்லவில்லை. எனக்குக் கல்யாணம் ஆன புதிதில் அண்ணனே எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான்.

"கெழக்கால இருக்கறது உங்களுது. உன்ர படிப்புக் கடன் முடியட்டும் சாமி, எழுதிக்கலாம். அதுக்கப்புறம் நீயும் சேலத்துல ஊடு பாத்து இந்தப் புள்ளையக் கூட்டிட்டுப் போ. இப்பப் போனீன்னா கடனுக்கும் வாடகைக்கும் எங்க போவே?"

நியாயமாகத்தான் பட்டது. என் மனைவி அந்தக் கிழக்குப் பக்கத்து வரப்பு நெடுகத் தென்னங்கன்று வைத்தாள். மோட்டார் வருமுன்னே கிணற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினாள். மகள் பிறந்த பிறகு அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊற்றினாள். நான் சேலத்தில், அவள் அங்கே. வாரத்துக்கு ஒருநாள் குடித்தனம். கேட்டால், "கடன் முடியட்டுங்க" என்பாள். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான் பதில்.

இந்த இடத்தில் பழைய சங்கதி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

நான் கோயமுத்தூரில் கல்லூரியில் சேர்ந்த அதே வருடம் அப்பா எங்கள் ஏரிக்காட்டை விற்றார். நல்ல வண்டல் மண். விற்றது அண்ணனுக்காக. அந்த நாளில் நாமக்கல்லில் டீக்கடையில் உட்கார்ந்தாலும் லாரிப் பேச்சுத்தான்; அண்ணனுக்கும் அந்தப் பித்துப் பிடித்து ஒரு கூட்டாளியோடு லாரியில் பங்கு போட்டான். வண்டி ஆந்திராப் பக்கம் எங்கேயோ கவிழ்ந்தது. கூட்டாளி கையை விரித்தான். போட்ட பணம் போனது போனதுதான். அப்போதுதான் அண்ணனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஜாதகத்தைப் பார்க்குமுன் காட்டைப் பார்ப்பார்கள். காட்டை விற்று லாரியில் தொலைத்தவன் என்று தெரிந்தால் எவன் பெண் கொடுப்பான்?

பெண் வீட்டார் வந்த அன்று அப்பா வாய் கூசாமல் சொன்னார்.

"சின்னவன் இன்ஜினியருக்குப் படிக்கோணும்னு ஆசைப்பட்டானுங்க. பெரியவன், காடு போனாப் போகுது, தம்பி படிக்கட்டும்னு சொல்லிப்போட்டான். அதனால ஏரிக்காட்டை வித்துட்டமுங்க."

பெண்ணின் அப்பா உருகிப்போய்விட்டார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு அண்ணனுங்களா!" என்று என்னைப் பார்த்தார். லீவில் வந்திருந்த நான் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆமாங்க" என்றேன். வேறு என்ன சொல்வது? அண்ணன் வாழ்க்கை. அவன் தலையைக் குனிந்து கொண்டு வெட்கப்பட்டான் பாருங்கள், அப்படி ஒரு வெட்கம்! கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது.

அந்த ஒரு "ஆமாங்க" ஊரெல்லாம் பரவியது. நான் கடனில் படிக்கிற விஷயமோ வெளியே வரவே இல்லை. காடுகரை உள்ளவன் பிள்ளை சர்க்காரிடம் கடன் வாங்கிப் படிக்கிறான் என்பது அப்பாவுக்குக் கௌரவக் குறைச்சல். கிணற்றுக்காட்டை ஜாமீன் காட்டி அவர் கையெழுத்துப் போட்டது எங்கள் மூவருக்கும், பிறகு என் மனைவிக்கும் மட்டும் தெரியும். ஊரில் கோயில் திருவிழா என்றால் நாலு பேர் முன்னால் அப்பா என் முதுகைத் தட்டி, "காட்டை வித்துப் படிக்க வெச்சனுங்க இவனை" என்பார். நான் சிரித்துக்கொண்டே நிற்பேன். என் சம்பளத்தில் அந்த மாத அறுபது ரூபாய் போய்ச் சரியாக ஒரு வாரம் ஆகியிருக்கும்.

அண்ணன் மட்டும் கடனை மறக்கவில்லை. ஒவ்வொரு முதல் சனிக்கிழமையும் நான் கால் கழுவி உட்காருமுன் வந்துவிடுவான். "கடன் இன்னும் எத்தன பாக்கி இருக்குது சாமி?" சொல்வேன். மனதுக்குள் கணக்குப் போட்டுத் தலையை ஆட்டிக்கொள்வான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். தம்பி கஷ்டப்படுகிறானே என்று எத்தனை கரிசனம்! ஒருநாள் என் மனைவி கேட்டாள்:

"ஏனுங்க, உங்க கடனுக்கு உங்கண்ணன் எதுக்கு உங்களைவிட ஆவலா நாள் எண்ணறாரு?"

கோபம் வந்துவிட்டது எனக்கு. "அண்ணன் தம்பிக்குள்ள உனக்கென்ன பேச்சு" என்று கத்தினேன். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு தென்னங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள்.

எண்பதுகள் பிறந்த சமயம் ஒரு மாதம், சம்பளப் பட்டியலில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போடக் குனிந்தபோது கேஷியர் சிரித்தார். "சார், கடன் கழிஞ்சுது. இந்த மாசத்திலேர்ந்து முழுச் சம்பளம். போண்டா காப்பி எங்க?" வாங்கிக் கொடுத்தேன். ஆபீஸ் முழுக்க வாங்கிக் கொடுத்தேன். அந்தக் கூடுதல் அறுபது ரூபாயைத் தனியாக எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடிக்கடி தொட்டுப் பார்த்தேன். அதே நோட்டுதான், அதே சர்க்கார்தான். ஆனால் அது என்னுடையது. அம்மாபேட்டையில் ஒரு போர்ஷனைப் பார்த்துவிட்டு வந்தேன். வாடகை இதற்குள் ஏறியிருந்தது, பரவாயில்லை, சமாளிக்கலாம். ராசிபுரத்தில் பஸ் நின்றபோது இறங்கி ஒரு தூக்குப்போசி நிறைய நெய் வாங்கினேன். வெறுங்கையோடு போக மனம் வரவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணன் கேட்டான். "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுண்ணா. முழுச் சம்பளம் வாங்கிட்டேன்."

"சர்க்காருகிட்ட இனி ஒரு தொந்தரவும் இல்லையே? ஜாமீன் எல்லாம் தீந்துபோச்சா?"

"எல்லாம் தீந்துது."

அவன் முகம் மலர்ந்ததே, அதை என் கண்ணால் பார்த்தேன். "அப்ப நாளைக்கே பாகத்தைப் பிரிச்சுப்போடலாம். பெரியவங்களுக்குச் சொல்லி உட்டிருக்கறேன்" என்றான். என்ன அவசரம், என்ன அக்கறை! அன்று ராத்திரிச் சோற்றில் நெய்யை ஊற்றிக்கொண்டே மனைவியிடம், "பாத்தியா எங்கண்ணனை" என்று பெருமையடித்தேன். அவள் மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். "நாளைக்குப் பாக்கலாங்க" என்றாள்.

மறுநாள் காலையில் வாசல் வேப்பமரத்தடியில் கட்டில்கள் போட்டிருந்தார்கள். பெரியப்பா வந்தார், தாய்மாமன் வந்தார், அண்ணனுடைய மாமனாரும் வந்தார். அப்பா ஓரத்துக் கட்டிலில் உட்கார்ந்து துண்டை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் நின்றுகொண்டே பேசினான். ஒரு வார்த்தை தடுக்கவில்லை.

"எல்லாத்துக்கும் தெரிஞ்சதுதானுங்க. ஏரிக்காடு தம்பி படிப்புக்குப் போச்சு. அது அவன் பாகத்துல கழிஞ்சுது. கிணத்துக்காடு என்ர பாகம். அந்தக் கல்லாங்காட்டுத் துண்டு வேணுமுன்னா அவனே வெச்சுக்கட்டும், நான் வேண்டாங்கல."

எனக்கு முதலில் புரியவே இல்லை. வேறு யாரையோ பற்றிப் பேசுகிறான் என்று நினைத்தேன். புரிந்ததும் காதுக்குள் ஙொய்யென்று ஒரு சத்தம்.

"என்னண்ணா பேசறே? நான் படிச்சது கடன்ல. அந்தக் கடனை எட்டு வருசமா என் சம்பளத்துல நானே கட்டினேன். ஏரிக்காட்டை வித்தது நீ லாரிக்குப் போட."

அவ்வளவுதான். கட்டிலில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வாசல்படியில் நின்ற அண்ணி, "அய்யோ, இதென்ன புதுசாக் கெளப்பறாரு!" என்று கையைத் தட்டினாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவளுக்குச் சொன்ன கதை அப்படி. அண்ணனின் மாமனார்தான் நிதானமாக என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, பொண்ணுப் பாக்க வந்த அன்னைக்கு உங்கப்பா எங்கிட்டச் சொன்னாருங்களே. நீங்களும் பக்கத்துலதான ஒக்காந்திருந்தீங்க? ஆமாங்கன்னு சொன்னீங்களே?"

நான் என்னத்தைச் சொல்ல? அவரை ஏமாற்றித்தான் அவர் மகளை அண்ணனுக்குக் கட்டி வைத்தோம் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லவா? சொன்னேன். அதையும் சொன்னேன். "அண்ணன் கல்யாணம் நடக்கோணும்னு சொன்னதுங்க அது." மனுஷன் முகம் சுருங்கியது. அண்ணன் உடனே, "இப்பப் பங்குக்காக எம்மேல எதை வேணாலும் போடுவான்" என்றான். தாய்மாமன் அப்பாவிடம் திரும்பினார்.

"மச்சான், நீங்க சொல்லுங்க. உங்க வாய்ல வர்றதுதான் முடிவு."

அந்த நிமிஷம் எனக்குக் கொஞ்சமும் பயம் இல்லை. சத்தியமாக இல்லை. அப்பா இருக்கிறாரே! ஜாமீன் கையெழுத்துப் போட்ட கை அது. மாதா மாதம் என் கவரை வாங்கின கை. அண்ணனைக் காப்பாற்ற ஒரு பொய் சொன்னார், சரி. அதே பொய்யில் என்னைக் கொல்லவா போகிறார்? அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. வேப்பமரத்தைப் பார்த்துச் சொன்னார்.

"படிப்புக்குத்தான் வித்தது."

அடப்பாவி மனுஷா! பெற்ற தகப்பனை இப்படிச் சொல்லக்கூடாது என்பார்கள். சொல்லாமல் என்ன செய்வது? பச்சைத் துரோகம். பெரியப்பா எனக்கு ஆறுதல் சொல்ல வந்தார் பாருங்கள், அதுதான் கொடுமை.

"உட்டுக்குடு சாமி. அண்ணன் மண்ணை நம்பிப் பொழைக்கறவன். உனக்கென்ன, மாசம் பொறந்தா முழுச் சம்பளம் வருது. உனக்கு எதுக்குக் காடு?"

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நேற்றுத்தான் வந்த முழுச் சம்பளம். அதை நான் இன்னும் ஒரு வேளைகூட உட்கார்ந்து தின்னவில்லை. அதற்குள் அதுவே என் பங்குக்கு ஈடாகிவிட்டது.

மத்தியானம் அண்ணனைக் கிணற்றடியில் தனியாகப் பிடித்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, என் பணத்து மோட்டார். "ஏன்ணா இப்படிப் பண்ணுனே? பண்றதுன்னா அன்னைக்கே பண்ணியிருக்கலாமே. எதுக்குக் கெழக்கால இருக்கறது எனக்குன்னு காட்டுனே? எதுக்குக் கடன் முடியற வரைக்கும் காத்திருந்தே?"

அவன் ஒளிக்கவில்லை. யாரும் இல்லாத இடத்தில் எதற்கு ஒளிப்பது?

"கடன் இருக்கையில பிரிச்சா ஜாமீன் என்ர காட்டு மேலதான நிக்கும்? ரோசத்துல நீ கட்டாம உட்டுப்போட்டீன்னா சர்க்காரு வந்து என்ர காட்டையல்ல ஏலம் உடும்? அதான் முடியட்டும்னு இருந்தேன்."

எட்டு வருடம் அவன் கேட்ட கேள்விக்கு அன்றைக்குத்தான் அர்த்தம் தெரிந்தது. என்மேல் கரிசனம் என்று நினைத்தேனே! அவன் எண்ணிக்கொண்டிருந்தது அவன் காடு எப்போது மீளும் என்பதை. நான் நாலு பேர் அறையில் பாய் விரித்துப் படுத்து அந்தக் காட்டை மீட்டுக் கொடுத்திருக்கிறேன். என் தலையில் மிளகாய் அரைத்தது போதாதென்று அம்மிக்கும் நானே காசு கொடுத்திருக்கிறேன்.

கோர்ட்டுக்குப் போகிறேன் என்று குதித்தேன். என் மனைவிதான் கையைப் பிடித்தாள். அவள் அழுதிருந்தாள், ஆனால் குரல் தெளிவாக இருந்தது. "அப்பன்மேல கேஸ் போட்டு அந்தத் தென்னமரத்துல எளநி குடிக்கோணுமா? எந்தக் காகிதத்துல வேணும்னாலும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. என்னைய இந்த ஊட்டவிட்டுக் கூட்டிட்டுப் போங்க." போட்டுக் கொடுத்தேன். அந்த வாரமே அம்மாபேட்டை போர்ஷனுக்கு வந்துவிட்டோம். மாதா மாதம் கடனுக்குப் பிடித்துக்கொண்டிருந்த அறுபது ரூபாய் வீட்டு வாடகைக்குப் போனது. அதற்கு மேலும் கொஞ்சம் போட்டோம். ஊருக்குக் கவர் போவது நின்றது. கையில் பணம் புரண்டது. மகள் கான்வென்டில் சேர்ந்தாள், மனைவி ஒரு தையல் மிஷின் வாங்கினாள். இத்தனை இருந்தும் ஒவ்வொரு மாதமும் சம்பளம் வாங்குகிறபோது பெரியப்பாவின் குரல்தான் கேட்கும். ஒரு மாதமாவது அந்தப் பணத்தைச் சந்தோஷமாக எண்ணினேனா என்றால், இல்லை.

ஏழெட்டு வருடம் பேச்சுவார்த்தை கிடையாது. நல்லது கெட்டதில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் அண்ணன், பின்னால் அப்பா. அண்ணன் கையில் ஒரு பை நிறையத் தேங்காய். அப்பா ரொம்பத் தளர்ந்திருந்தார். வாங்க என்று சொல்லத்தான் வேண்டும், சொன்னேன். மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, தேங்காயைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அண்ணன் சுற்றிவளைத்து விஷயத்துக்கு வந்தான். பையனுக்கு இன்ஜினியரிங் படிக்க ஆசை. மார்க் பத்தவில்லை, அப்போது புதிது புதிதாகத் திறந்துகொண்டிருந்த தனியார் கல்லூரி ஒன்றில் டொனேஷன் கேட்கிறார்கள்.

"உங்க ஆபீஸ் சொசைட்டியில லோன் தருவாங்களாமே. உம்பேர்ல எடுத்துக் குடு சாமி. மாசாமாசம் சம்பளத்துல புடிக்கறதை நான் அனுப்பி வெச்சர்றேன். உனக்குத்தான் இப்ப முழுச் சம்பளம் வருதே."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. இத்தனை வருடம் என்னென்னவோ வசவுகளை மனதுக்குள் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

"எதுக்கு லோன்? கிணத்துக்காட்டுல ரெண்டு ஏக்கரை வித்துப் படிக்க வை. அப்பா என்னைய ஏரிக்காட்டை வித்துத்தான படிக்க வெச்சாரு?"

அண்ணனுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. டம்ளரை டக்கென்று கீழே வைத்தான்.

"நல்லாச் சொன்னே போ! படிப்புக்குன்னு எவனாச்சும் காட்டை விப்பானா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. அப்பா காப்பியை வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினார். சமையலறை வாசலில் என் மனைவி வந்து நின்றிருந்தாள்.

"கேட்டீங்களா மாமா?" என்றாள்.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். இந்த முறை பார்த்துக்கொள்ள அங்கே வேப்பமரம் இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"கேட்டுட்டேன் அம்மிணி" என்றார்.

அப்பாவும் அண்ணனும் எழுந்து பஸ்ஸுக்குப் போனார்கள். போகிற அவசரத்தில் அண்ணன் தேங்காய்ப் பையை எடுக்க மறந்துவிட்டான். மகள் அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடப் போனாள். வேண்டாம் என்று மனைவி அவளைத் தடுத்தாள். அது அவள் தண்ணீர் ஊற்றிய மரத்துக் காய்.